விழுந்தவரைத் தூக்காதீர்கள்

இந்த இனிய மாலைக்குத் தலைமையேற்று, நாற்காலியில் சாயாமல் நிமிர்ந்தே அமர்ந்திருக்கும் எங்கள் முதலாளி அவர்களே! முன்னிலை வகிக்கும், ஊரார் வீட்டுப் பாரத்தையெல்லாம் தங்கள் தோளில் சுமந்து, இன்று ஓய்ந்திருக்கும் மூத்த தொழிலாளப் பெருமக்களே! நாளை காலை நமக்கெல்லாம் முதலுதவி வகுப்பெடுக்க வந்திருக்கும் செவிலியர் அம்மையார் அவர்களே! தொழிலிலும் எங்களோடு போட்டி போட்டு, பந்தாட்டத்திலும் போட்டி போட்டு, போன பருவத்தில் எங்களை அழவைத்து அனுப்பிய எதிரணி நண்பர்களே! ஆட்டம் பார்க்க வந்து, பந்தைப் பார்க்காமல் அவரவர் பிள்ளைகளின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருக்கும் பாசமிகு தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

மேடையேறுகிறவர்கள் சிரம் தாழ்த்தி வணங்குகிறேன் என்று தொடங்குவார்கள். நான் இப்போது கைகூப்புவதோடு நிறுத்திக்கொள்கிறேன். சிரம் தாழ்த்துவதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு, சொல்லி முடிக்கும்போது உங்களுக்கே விளங்கும்.

நான் பேச்சாளன் இல்லை. வீடு மாற்றித் தரும் நிறுவனத்தில் பாரம் தூக்குகிறவன். எங்கள் நிறுவனத்துக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். சற்றுமுன் இந்த மேடையின் படிகளில் என் சொந்தக் கால்களால் ஏறி வந்தேன். நீங்கள் யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். ஒருவன் படியேறி வருவதில் கவனிக்க என்ன இருக்கிறது? ஆனால் ஒவ்வொரு படியிலும் என் பாதம் பதிந்ததை நான் கவனித்தேன்.

கைதட்ட வேண்டாம். அந்தக் கைதட்டல் போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. அந்த ஆள் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்றும் எனக்குத் தெரியும். லாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறார். இருக்கட்டும், பிறகு பிடிக்கலாம்.

எங்கள் தொழில் என்ன தொழில்? தூக்கும் தொழில். கட்டிலைத் தூக்குவோம், கண்ணாடி பீரோவைத் தூக்குவோம், மூன்றாம் மாடியிலிருந்து ஃப்ரிட்ஜை ஒரு கீறல் விழாமல் இறக்குவோம். அதற்கு எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. நான்கு மூலையிலும் நான்கு பேர் கை வைப்போம். மேஸ்திரி கேட்பார், "பிடிச்சாச்சா?" நால்வரும் சொல்வோம், "பிடிச்சாச்சு." அவர் எண்ணுவார், "ஒண்ணு, ரெண்டு, தூக்கு." அந்தச் சொல்லுக்கு முன்னால் எவனும் தூக்க மாட்டான், அந்தச் சொல்லுக்குப் பின்னால் எவனும் சும்மா நிற்க மாட்டான். எட்டுக் கைகள் ஒரே கையாக எழும்.

இந்தப் பழக்கம் மைதானத்துக்குள்ளும் எங்களோடு வந்துவிட்டது. எங்கள் ஆள் ஒருவன் விழுந்தால் போதும், மேஸ்திரி ஓடி வருவார். நால்வர் கை வைப்பார்கள். "பிடிச்சாச்சா? பிடிச்சாச்சு. ஒண்ணு, ரெண்டு, தூக்கு." விழுந்தவன் அடுத்த நொடி நிற்பான், பார்ப்பவர்கள் ஆரவாரிப்பார்கள். எங்கள் ஆள் தரையில் கிடந்தான் என்ற பேச்சே இருக்கக் கூடாது என்பது எங்கள் வீம்பு. வலிக்கிறதா என்று ஒருவனும் கேட்க மாட்டான். கணுக்கால் பிசகியவனையும் தூக்கி நிறுத்துவோம். அவன் நொண்டினால் மேஸ்திரியே உட்கார்ந்து காலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுப்பார். சூடாக எண்ணெய் தேய்த்து நீவி விடுவார். மறுநாள் அந்தக் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கும். தேய்த்ததால்தான் இதோடு விட்டது என்று அவர் சொல்வார், நாங்களும் ஆமாம் போடுவோம்.

முன்வரிசையில் மேஸ்திரி என்னை முறைக்கிறார். முறைக்காதீர்கள் ஐயா. உங்களைப் போல அன்பானவர் எங்களுக்கு யார் இருக்கிறார்? உங்கள் கையில் குறை இல்லை. அந்தக் கைக்கு எப்போது ஓய்வு தர வேண்டும் என்பதைத்தான் நமக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

இப்போது எங்கள் லாரி ஓட்டுநரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். அவர் என் தங்கையின் கணவர், எனக்கு மாப்பிள்ளை. எங்கள் அணியில் தடுப்பாட்டக்காரர், கோலுக்கு முன்னால் என் கண்ணெதிரே நிற்பவர். நான் சொல்லப்போகிற நாளில் எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

எதனால் என்று கேட்கிறீர்களா? ஒரு கண்ணாடி பீரோவால். எங்கள் அம்மா ஆசையாக வைத்திருந்த பீரோ அது. தங்கைக்கென்று கொடுத்தார். ஊரார் பீரோவையெல்லாம் கீறல் விழாமல் கொண்டுபோய்ச் சேர்த்த நாங்கள் இருவரும், எங்கள் சொந்த பீரோவைத் தங்கை வீட்டு மாடிப்படியில் ஏற்றும்போது போட்டோம். கண்ணாடி படியெங்கும் சிதறியது. நீதான் கையை விட்டாய் என்றேன். நீதான் விட்டாய் என்றார். வார்த்தை தடித்தது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் எழும்பியது. நடுவில் கிடந்து தவித்தவள் என் தங்கை. வெறும் சட்டம் மட்டும் மிஞ்சிய பீரோவின் முன்னால் நின்று தலை வாருவாளாம், சுவரைப் பார்த்துக்கொண்டு.

வேலையிலும் அப்படித்தான். அவர் என் பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பார். நான் மேஸ்திரியிடம், "வண்டிய கொஞ்சம் பின்னால எடுக்கச் சொல்லுங்க" என்பேன். அவர் மேஸ்திரியிடம், "எவ்வளவு பின்னாலன்னு கேட்டுச் சொல்லுங்க" என்பார். கோல்கீப்பரும் தடுப்பாட்டக்காரரும் பேசிக்கொள்ளாத அணி என்ன ஆகும்? எதிரணி நண்பர்கள் சிரிக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும்.

அந்த நாள், அரையிறுதி ஆட்டம். மழை வருவேனா மாட்டேனா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு பின்மாலை. மூலையிலிருந்து பந்து வந்தது. மேலே, மேலே, மேகத்தின் ஓரத்தைத் தொட்டுவிட்டு வருவது போல மெதுவாக வந்தது. நான் எழும்பினேன். விரல் நுனியில் பந்தின் ஈரத்தை உணர்ந்தேன். கோல் கம்பம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. தலை மோதிய ஓசை எனக்குள்ளேயே கேட்டது, பக்கத்து வீட்டில் யாரோ கதவை அடைத்தது போல.

பிறகு புல். பிறகு வானம்.

அன்பர்களே, நீங்கள் எப்போதாவது வானத்தை முழுதாகப் பார்த்திருக்கிறீர்களா? பாரம் தூக்குகிறவன் பார்ப்பது படியை, வாசலை, முன்னால் போகிறவனின் குதிகாலை. அன்று முதல் முறையாக எனக்கு வானம் முழுதாகக் கிடைத்தது. ஒரு மேகம் போய்க்கொண்டிருந்தது. அது போகிறதா, நான் போகிறேனா என்று தெரியவில்லை. மைதானத்துச் சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போல் இருந்தது. புல் மணத்தது. வலி கூட இல்லை. இப்படியே கிடந்தால் என்ன என்று ஒரு சுகம். ஆனால் கைகளில் மட்டும் எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு, தோளிலிருந்து விரல் வரைக்கும். அது எறும்பு இல்லை என்று எனக்குள் ஏதோ சொன்னது. அப்போது பயம் வந்தது. சொல்ல வெட்கமில்லை, நன்றாகப் பயந்தேன்.

அப்போது வந்தன அன்புக் கைகள். தோளில் இரண்டு கை, அக்குளில் இரண்டு கை, இடுப்பில் இரண்டு கை, முழங்காலுக்கு அடியில் இரண்டு கை. எனக்குப் பழகிய கைகள், பாரம் அறிந்த கைகள். மேஸ்திரியின் குரல் கேட்டது. "பிடிச்சாச்சா?"

"பிடிச்சாச்சு."

"ஒண்ணு."

மேகம் நகர்ந்தது.

"ரெண்டு."

மூன்றாவது சொல் வரவில்லை. அதற்கு முன்னால் ஒரு குரல் வந்தது. பல மாதங்களாக என்னிடம் பேசாத குரல். "யாரும் தூக்காதீங்க. எல்லாரும் கைய எடுங்க."

அவ்வளவுதான். அதிகம் கத்தவும் இல்லை. ஆனால் எட்டுக் கைகளும் ஒவ்வொன்றாக என்னைவிட்டு விலகின. பிறகு என் தலைமாட்டில் இரண்டு முழங்கால்கள் பதிந்தன. இரண்டு உள்ளங்கைகள் என் தலையின் இரு பக்கமும் வந்து, இழுக்காமல், திருப்பாமல், அது கிடந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டன. வானத்தை மறைத்துக்கொண்டு ஒரு முகம் வந்தது. தலைகீழாக வந்தது. மீசை மேலே, கண்கள் கீழே. என் மாப்பிள்ளை.

"மச்சான், ஆடாத. தலையாட்டிப் பதில் சொல்லாத. வாயால மட்டும் சொல்லு. கால் விரல ஆட்ட முடியுதா?"

ஆட்டினேன். ஆடியதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்து, "ஆடுது" என்றார். ஒரே ஒரு சொல். என் வாழ்க்கையில் யாரும் எனக்கு அதைவிடப் பெரிய சொல்லைச் சொன்னதில்லை.

அவருக்கு இது எப்படித் தெரியும்? இதே செவிலியர் அம்மா, ஓட்டுநர்களுக்கென்று ஒரு நாள் வகுப்பெடுத்தார். மற்ற ஓட்டுநர்கள் தேநீருக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை. இவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போய் என் தங்கையைத் தரையில் படுக்கவைத்துத் தலையைப் பிடித்துப் பழகினாராம். தொலைக்காட்சி பார்க்க விடாமல் படுத்துகிறாரே என்று அவள் அலுத்துக்கொண்டாளாம். அன்று அலுத்துக்கொண்டவள் இன்று அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள்.

மைதானம் முழுக்க அன்பு ஓடி வந்தது, தோழர்களே. ஒருவர் தண்ணீர்ப் பாட்டிலோடு ஓடி வந்தார். வாயில் ஊற்றக் கூடாது என்று மாப்பிள்ளை தடுத்தார். படுத்துக் கிடப்பவனுக்கு அது மூச்சுக்குழலில் இறங்கலாம். என் மனைவி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். வந்தவள் என்ன செய்வாள்? என் தலையை எடுத்து மடியில் வைக்கக் குனிந்தாள். எந்த மனைவிதான் குனிய மாட்டாள்? "அக்கா, தலையத் தொடாதீங்க. அவர் கையப் பிடிச்சுக்குங்க, பேசிக்கிட்டே இருங்க" என்றார் இவர். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன பேசினாள் தெரியுமா? காலையில் துணி உலர்த்தியதை எடுக்காமல் வந்துவிட்டேன், மழை வந்தால் நனைந்துவிடும் என்றாள். அதைவிட இனிமையான பேச்சை நான் கேட்டதில்லை. நனையட்டும் என்றேன்.

அந்தப் பந்துக்காக என்னோடு சேர்ந்து எழும்பிய எதிரணி முன்னாட்டக்காரர் அழுதுகொண்டு நின்றார். அவருக்கும் ஒரு வேலை கொடுத்தார் மாப்பிள்ளை. அவசர எண்ணுக்குப் பேசி, மைதானத்தின் எந்த வாசல் என்று சொல்லிவிட்டு, அந்த வாசலில் நின்று கையசைக்கச் சொன்னார். பிற ஆட்டக்காரர்கள் தங்கள் சட்டைகளைக் கழற்றி என்மேல் போர்த்தினார்கள். எங்கள் நிறமும் எதிரணி நிறமும் கலந்து ஒரு போர்வை.

காத்திருப்பு நீண்டது. அவர் முழங்கால் மரத்திருக்கும். முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டார். கட்டெறும்பு ஒன்று அவர் மணிக்கட்டில் ஏறியதை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். கடித்தது என்பது அவர் முகத்தில் தெரிந்தது, கையில் தெரியவில்லை. கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன் என்று மேஸ்திரி வந்தார். வேண்டாம் என்றார்.

பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர். ஒருவன் தலை மற்றவன் கையில். முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் வழியில்லை, எனக்கு அது தடை செய்யப்பட்டிருக்கிறது. இதைவிடப் பெரிய சமாதானப் பேச்சுவார்த்தை எங்கே நடந்திருக்கும்? நான்தான் கேட்டேன். "மாப்ள, கை வலிக்குதா?"

தலைகீழாகத் தெரிந்த அந்தக் கண்களிலிருந்து ஒரு துளி என் நெற்றியில் விழுந்தது. மழை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு சொன்னார்.

"பீரோவ நீதான் விட்ட மச்சான். தலைய நான் விட மாட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "சிரிக்காத, ஆடும்" என்றார். சிரிக்கவும் கூடாது, அழவும் கூடாது, தலையாட்டவும் கூடாது. நான் அந்த மேகத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டே பேர், பொறுப்பில் ஒரு பெண்மணி. கழுத்துப்பட்டை போட்டார், பலகையைப் பக்கத்தில் வைத்தார். ஆளைப் பலகைக்கு மாற்ற இன்னும் கைகள் வேண்டும், யார் வருகிறீர்கள் என்றார். யார் போவார்கள்? கொஞ்ச நேரத்துக்கு முன் கையை எடுத்துக்கொண்ட அதே நால்வர். அதே இடங்களில் கை வைத்தார்கள். மேஸ்திரியும் அவர்களோடு கை வைத்து, பழக்கத்தில் எண்ண வாயைத் திறந்தார். அந்தப் பெண்மணி, "தலையப் பிடிச்சிருக்கவர்தான் எண்ணணும். அவர் சொன்னா மட்டும்தான் அசையணும்" என்றார்.

என் மாப்பிள்ளை எந்நாளும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர். பாரம் ஏற்றும்போது ஒரு நாளும் எண்ணியதில்லை. அன்று எண்ணினார்.

"பிடிச்சாச்சா?"

"பிடிச்சாச்சு." அதில் மேஸ்திரியின் குரலும் இருந்தது.

"ஒண்ணு. ரெண்டு. தூக்கு."

கண்ணாடி பீரோவை இறக்கிப் பழகிய கைகள் ஒரே கையாக எழுந்தன. நான் புல்லைவிட்டு மிதந்தேன். என் தலையும் தோளும் இடுப்பும் காலும் ஒரே கோட்டில், ஒரு துளி பிசகாமல். இத்தனை ஆண்டுகள் எத்தனை பாரங்களை நாங்கள் அப்படித் தூக்கியிருப்போம்? தூக்கப்படுகிறவனாக இருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, எங்கள் தொழில் இவ்வளவு அழகு என்று.

மருத்துவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார். கழுத்தெலும்பில் விரிசல் இருந்தது. "உங்கள யாரும் தூக்கி நிறுத்தல. அதனாலதான் நீங்க நடப்பீங்க" என்றார். வெளியே நின்ற மேஸ்திரிக்கு இதைச் சொன்னார்கள். அவர் சுவரோரமாக உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அவையோரே, அன்பு இருந்தால் போதுமா? அன்று என்னைத் தூக்க வந்ததும் அன்புதான், தூக்காதே என்று தடுத்ததும் அன்புதான். ஒன்று அறியாத அன்பு, ஒன்று அறிந்த அன்பு. அவ்வளவுதான் வேறுபாடு. அந்த அறிவைப் பெற எத்தனை காலம் வேண்டும்? தேநீருக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

நாளைய வகுப்பை நான் இங்கே எடுத்துவிடக் கூடாது, செவிலியர் அம்மா கோபித்துக்கொள்வார். இருந்தாலும் இரண்டொன்று சொல்லாமல் இறங்க மனமில்லை. கால் பிசகினால் இழுக்காதீர்கள், தேய்க்காதீர்கள். ஆட்டத்தை நிறுத்தி உட்காரவைத்து, பனிக்கட்டியைத் துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் வையுங்கள், கட்டுப் போட்டுக் காலை உயர்த்தி வையுங்கள். ஊன்றவே முடியவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். மூக்கில் ரத்தமா? அண்ணாந்து பார்க்கச் சொல்லாதீர்கள், முன்னால் குனியச் சொல்லி மூக்கின் மென்மையான பகுதியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். காயத்தில் ரத்தம் கொட்டுகிறதா? சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள்.

என்ன தாயே? கேட்கவில்லை, சத்தமாகக் கேளுங்கள். விழுந்தவன் மூச்சே விடவில்லை என்றால் அப்போதும் தொடாமல் நிற்பதா என்கிறீர்கள். நல்ல கேள்வி, இந்த மேடையில் நான் மறந்திருக்கக் கூடாத கேள்வி. நிற்கக் கூடாது தாயே, ஒரு நொடியும் நிற்கக் கூடாது. கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால், ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்க, இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து வேகமாக, ஆழமாக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், உதவி வரும்வரை. அங்கே கழுத்தைவிட மூச்சு பெரிது. எப்போது கையை எடுப்பது, எப்போது கையை வைப்பது? இந்த இரண்டும் தெரிந்தவன் இருக்கிற மைதானத்தில் நம் பிள்ளைகள் துணிந்து விழலாம்.

நாளை காலை வகுப்பு. எங்கள் அணி மொத்தமும் வருகிறது. முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர் மேஸ்திரி. எதிரணி நண்பர்களும் வாருங்கள். தாய்மார்களும் வாருங்கள். தேநீர் உள்ளேயே வரும், அதற்கும் ஏற்பாடு செய்துவிட்டோம்.

கழுத்துப்பட்டை கழன்று, பாரம் தூக்கலாம் என்று மருத்துவர் அனுமதித்த பிறகு, மாப்பிள்ளையும் நானும் முதலில் தூக்கியது என்ன தெரியுமா? ஒரு புதுக் கண்ணாடி. அதே மாடிப்படி. முன்னால் அவர், பின்னால் நான். ஒவ்வொரு படியிலும் கண்ணாடிக்குள் வானம் ஆடிக்கொண்டே வந்தது. யாரும் கையை விடவில்லை. பழைய பீரோவின் சட்டத்தில் அதைப் பொருத்தினோம். என் தங்கை அதன் முன் நின்று வெகுநேரம் தலை வாரினாள். அன்று பீரோவை விட்டது யார் என்ற வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தினமும் விசாரணைக்கு வருகிறது, நாங்களும் அதைத் தீர்க்க அவசரப்படவில்லை.

இதோ, லாரிக்குப் பின்னாலிருந்து அவரை இழுத்து வருகிறார்கள். கூச்சப்படாதே மாப்பிள்ளை, முன்னால் வா. அன்று உன் முகத்தை நான் தலைகீழாகத்தான் பார்த்தேன். இன்று நேராகப் பார்க்கிறேன். அன்று நீ கேட்டதற்கெல்லாம் என்னால் தலையசைக்க முடியவில்லை, நீதான் கூடாது என்றாய். இன்று முடியும்.

பொறுமையோடு கேட்ட அவைக்கும், அழைத்த தலைவருக்கும், கற்றுக்கொடுத்த அம்மாவுக்கும், கையை எடுத்த நால்வருக்கும், வாசலில் நின்று கையசைத்த எதிரணி நண்பருக்கும் என் நன்றி. கடைசிக்கு வைத்திருந்த வணக்கத்தை இப்போது செலுத்துகிறேன். இந்தக் கழுத்து வளைகிறது, பாருங்கள். மாப்பிள்ளை, நீ பிடித்து வைத்திருந்த தலை இது. உனக்கு முன்னால் தாழ்த்துகிறேன். வணக்கம்.